பதினோராவது பேரு

இல்லண்ணே, நான் சாப்டுட்டுத்தான் வந்தேன். நீங்க பாட்டுக்குச் சமைங்க. கேட்டுல வாச்மேன் உள்ள விட மாட்டேன்னுட்டான், அதான் இவ்வளவு நேரம். ஒம்பது வருசம் இதே ரூம்ல படுத்து எந்திரிச்ச ஆளு நானு. அந்த நேபாளிக்கு என்னையத் தெரியாதா? கார்டைக் காட்டுன்னான். காட்டுனேன். அதுல ஜெனரல் மேனேஜர்னு இருக்கா, படக்குனு எந்திரிச்சு ஒரு சல்யூட் அடிச்சுட்டு, சார், இது லேபர் கேம்ப், மேனேஜருக்கெல்லாம் உள்ள எடமில்லைங்கிறான். டேய் நாந்தான்டா அழகுமலைன்னா, தெரியும் சார்ங்கிறான். சோனாப்பூருக்குள்ள வர்றதுக்கு நோட்டுல கையெழுத்துப் போட்டு வந்த மொத மேனேஜர் நானாத்தான் இருப்பேன்.

என் கட்டில்ல இப்ப யாரு படுக்குறா? பீகார்க்காரரா. அந்தக் கால் பக்கம் ஒரு கம்பி தூக்கிக்கிட்டு நிக்கும், பாத்துப் படுக்கச் சொல்லுங்க.

ஆள் கொறைக்கிற லிஸ்டு வந்துருச்சுண்ணே. ஆமா, பதினோரு பேருதான். ஒர்க்‌ஷாப்புல எல்லாரும் அதே பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? சொல்றேன். சொல்லாமப் போவேனா? அதுக்கு முன்னாடி இது எப்படி வந்து என் தலையில விடிஞ்சுச்சுன்னு கேளுங்க. நீங்களும் மத்தவிய்ங்க மாதிரி, அழகுமலை ஆபீசருகளுக்குச் சொம்பு தூக்கி மேனேஜரானான்னு நெனச்சுரக் கூடாது.

அமெரிக்காவுல நம்ம கம்பெனி கவுந்துருச்சுல்ல. அப்ப அங்க உள்ள பெரிய தலை கவர்மெண்டுகிட்ட காப்பாத்துங்கன்னு கேக்கப் போனாரு. எதுல போனாரு? சொந்தப் ப்ளேன்ல! கார் செஞ்சு விக்கிற கம்பெனிண்ணே. அங்க இருந்தவிய்ங்க சும்மா விடுவாய்ங்களா? வந்த வழியே திரும்பிப் போயி, நீ செய்யிற கார்ல வா, அப்புறம் பேசுவோம்னுட்டாய்ங்க. மனுசன் மறுவாட்டி நம்ம கார்ல கெளம்பிருக்காரு. நடுவழியில ஏசி அவுட்டு. சிரிக்காதீங்கண்ணே. நம்ம வண்டி ஏசியப் பத்தி உங்களுக்கா சொல்லணும்? கோட்டு சூட்டோட தொப்பத் தொப்ப நனைஞ்சு போயி நின்னுருக்காரு. அந்தக் கோலத்தப் பாத்து எரக்கப்பட்டுத்தான் காசு குடுத்தாய்ங்கன்னு நம்ம துபாய் ஆபீசு பெரிய மேனேஜர் ஹென்றி சாரே, நான் வண்டி ஓட்டுறப்ப பின்சீட்டுல உக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. வேர்வைக்கு அம்புட்டுக் காசுன்னா ஜூலை மாசம் ஒர்க்‌ஷாப்புல நிக்கிற உங்களுக்கு இந்நேரம் ஒரு நாட்டையே எழுதிக் குடுத்துருக்கணும்.

குடுத்தவிய்ங்க சும்மா குடுக்கல. மேனேஜர்னு பேரு உள்ள எவனும் இம்புட்டுச் சம்பளத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாய்ங்க. உலகம் பூராவும் உள்ள ஆபீசுக்கு. மறுநாக் காலையில துபாய் ஆபீசுல ஏழு மேனேஜரும் காணாமப் போய்ட்டாய்ங்க. ஆளு அங்கதான் இருக்காய்ங்க, அதே ரூமு, அதே நாற்காலி. கதவுல மட்டும் ஆலோசகர்னு போர்டு. ஹென்றி சாரும் ஆலோசகரு. ஆலோசகருக்குச் சம்பளக் கட்டுப்பாடு கெடையாதாம்.

எல்லாரும் ஆலோசனை சொன்னா எவன்தான்ணே கேக்குறது? ஆனா இங்க ட்ரேட் லைசன்ஸ்ல மேனேஜர்னு ஒரு பேரு கட்டாயம் இருக்கணும். அமெரிக்காக்காரனுக்கும் ஒரு பேரு வேணும். விசா வேலையெல்லாம் பாக்குற நுஃமான் இருக்கான்ல, அவன் மேசையில அந்த வாரம் ரினியூவலுக்குக் கெடந்த பாஸ்போர்ட்டு ஒண்ணே ஒண்ணுதான். என்னுது. டைப்பிங் சென்டர்ல ட்ரைவர்ங்கிறத அழிச்சுட்டு ஜெனரல் மேனேஜர்னு அடிச்சுட்டான். படிக்காத ஆளாச்சே, பத்தாவது ஃபெயிலாச்சேன்னா, சம்பளம் கம்மியா இருக்குல்ல, அந்தத் தகுதி போதும்கிறான்.

சம்பளமா? அதே ரெண்டாயிரத்து எரநூறு திர்ஹாம்தான். அதுலயும் ஓவர்டைம் போச்சு. மேனேஜருக்கு ஏதுண்ணே ஓவர்டைம்? கேம்ப்பும் போச்சு. இப்ப அஜ்மான்ல ஒரு பெட் ஸ்பேஸ், ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. காலையில நாலரைக்கு எந்திரிச்சு பஸ் புடிச்சு ஹென்றி சார் வில்லாவுக்குப் போறேன். மேனேஜர் கம்பெனி கார்ல போனா ஆடம்பரமாம், அதான் பஸ்ஸு. அங்க போனதும் அதே கம்பெனி காரை எடுத்து அவரை ஏத்திக்கிட்டு ஆபீசுக்கு வர்றேன். ஆலோசகரை ஏத்திக்கிட்டு வரலாம், அது ஆடம்பரத்துல சேராது.

ஊர்லயா? அத ஏன் கேக்குறீங்க. விசா பேப்பர என் வீட்டுக்காரி அகிலாவுக்கு வாட்ஸப்புல அனுப்புனது நான் செஞ்ச தப்பு. அவ தம்பி, என் போட்டோவுக்குக் கோட்டு மாட்டி, பஸ் ஸ்டாண்டுல ப்ளெக்ஸ் வச்சுட்டான். துபாயின் தூணேன்னு. போன மாசம் மழையில ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்குதாம், இன்னும் எடுக்கல.

அப்புறம் போன வாரம் அமெரிக்காலருந்து வீடியோவுல விசாரணை. ஒரு அம்மா, கூட நாலஞ்சு பேரு. என்னைய ஹென்றி சார் நாற்காலியில உக்கார வச்சு, கேமராவுக்கு முன்னாடி அவரே டீ கொண்டாந்து வச்சாரு. ஒம்பது வருசமா அவருக்கு டீ வாங்கிக் குடுத்துருக்கேன், எனக்குச் சக்கரை எம்புட்டுன்னு அவருக்கு எங்க தெரியும், பச்சத்தண்ணி மாதிரி இருந்துச்சு. நுஃமான் பக்கத்துல நின்னு மொழிபெயர்த்தான். அந்தம்மா கேட்டுச்சு, இந்தக் கம்பெனி பொழைக்கிறதுக்கு ஒரு தலைவரா நீங்க என்ன செய்வீங்கன்னு. எனக்கென்ன தெரியும்? உள்ளதச் சொன்னேன். ஏசியச் சரி பண்ணுங்க. வாங்குறவன் ஜூலையில வண்டியத் திருப்பிக் கொண்டாந்து விடுறான். எங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு அண்ணன் இருக்காரு, கூட ஒரு ஃபேனை மாட்டி அரை மணி நேரத்துல சரி பண்ணிருவாரு, அத ஃபேக்டரியிலயே மாட்டி அனுப்புங்கன்னேன்.

ஆமாண்ணே, உங்களத்தான் சொன்னேன். கை தட்டுனாய்ங்கண்ணே! எல்லாரும் எழுதிக்கிட்டாய்ங்க. இவ்வளவு நாளா இவர எங்க ஒளிச்சு வச்சுருந்தீங்கன்னு அந்தம்மா கேட்டுச்சாம். ஹென்றி சார் மூஞ்சி செவந்து போச்சு.

மறுநா லிஸ்டு வந்துச்சு. பத்துப் பேரு அங்கேருந்தே அடிச்சு வந்துச்சு. பெயிண்டிங்குல நாலு, ஸ்டோர்ல மூணு, ஷோரூம்ல மூணு. பதினோராவது எடம் காலி. பக்கத்துல ஒரு வரி. நுஃமான் படிச்சுச் சொன்னான். இந்த முடிவை உங்க தலைமைக்கே விட்டுர்றோம்னு.

மொதல்ல என் பேரைத்தான்ணே எழுதுனேன். சத்தியமா. நுஃமான் விழுந்து விழுந்து சிரிச்சான். மேனேஜர் தன்னைத்தானே தூக்க முடியாதாம், லைசன்ஸ்ல பேரு இருக்காம், நான் போனா ஒர்க்‌ஷாப்பையே பூட்டணுமாம். ஆலோசகருகளச் சேக்கலாமான்னு கேட்டேன். ஆலோசகரு லிஸ்ட்லயே வர மாட்டாய்ங்களாம்.

ரெண்டு நா பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டே வண்டி ஓட்டுனேன். யாரை எழுத? மஹ்மூது இருக்காரு, ஊர்ல வீட்டுக்குக் கூரை போட்டு முடிக்கல. சுரேஷ்குமாரு போன மாசந்தான் வந்தான், ஏஜெண்டுக்குக் குடுத்த கடன் அப்படியே நிக்கிது. எவன் பேரை நெனச்சாலும் அவன் வந்து என் சட்டையப் புடிச்சு, நீ யார்ரா என்னையத் தூக்க, வண்டி ஓட்டுற நாயின்னு கேக்குறது என் காதுல விழுகுது. கேட்டா என்னண்ணே பதில் சொல்லுவேன்?

உங்க மக சந்தியாவுக்கு நர்சிங் இன்னும் ஒரு வருசம் இருக்குல்ல. தெரியும்ணே. நீங்கதான் எனக்கு விசா எடுத்துக் குடுத்தீங்க, வந்த மூணு மாசம் சம்பளம் வராதப்ப உங்க தட்டுலதான் சாப்டேன், அதெல்லாம் மறந்துட்டு எழுதல. எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துத்தான் உங்க பேரை எழுதுனேன். இந்த கேம்ப்புல என்னைய ஏன்டான்னு கேக்காத ஆளு நீங்க ஒருத்தருதான்.

அடுப்பக் கொறைங்கண்ணே, நான் பாத்துக்கிறேன், நீங்க உக்காருங்க.

கவர் இந்தா இருக்கு. கையெழுத்து என்னுதுதான். இங்கிலீஸ்ல போட வரல, தமிழ்லதான் போட்டுருக்கேன். தேதியப் பாருங்க. இந்த மாசக் கடைசின்னுதான் அடிச்சு அனுப்புனாய்ங்க. நாந்தான் அத வெட்டிட்டு அடுத்த மாசம் பதினஞ்சுன்னு எழுதிருக்கேன். நுஃமான் மொறைச்சான். ஜெனரல் மேனேஜர் நானா நீயான்னு கேட்டேன், சீல் குத்திக் குடுத்துட்டான். பதினஞ்சு நாள் தள்ளிப் போடுற வரைக்கும் எனக்கு அதிகாரம் இருக்குண்ணே.