சுவர் வாசித்த தாளம்

என் ரேடியோ மாமா! உங்களைக் கூப்பிட்ட பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட முடிகிறது என்னால். முப்பது வருடப் பழக்கம், சபை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைமை ஏற்றிருக்கும் இசைப் பள்ளி முதல்வர் ஐயா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அலங்காரமாய் அமர்ந்திருக்கும் பாடகி மணிக்குரல் அவர்களே, என்னிலும் மூத்த பெரியவர்களே, இடுப்புப் பிள்ளையோடு கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டைப் பிடித்துக்கொண்ட தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் இந்தத் தையற்காரியின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அடுக்குமொழி வராது. அடுக்கி வைத்துத் தைக்க வரும். என் வீட்டுக்காரர் ரேடியோவும் டேப்பும் மைக்கும் பழுது பார்த்தவர். போய் ஏழு மாதம் ஆகிறது.

தத்தல் இசை இன்று பேருந்தில் கேட்கிறது, போனில் கேட்கிறது, பிறந்தநாள் வீட்டில் கேட்கிறது. தொம், தொம், அடுத்த தொம்முக்கு முந்திக்கொண்டு ஒரு டக்! ஆமாம் தம்பி, அதேதான், கையைத் தட்டிக் காட்டாதே, பேச்சு மறந்துவிடும். அந்தத் தத்தல் மணிக்குரல் அவர்களின் தொண்டையில் பிறந்தது என்று ஐயா சொன்னார். முதல் பாட்டு பதிவான எங்கள் கடை வாசலில் துணி போட்டு மூடியிருக்கிற பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். துணியை விலக்குவதற்கு முன்னால் நான் பேசியாக வேண்டும். விலக்கிய பிறகு யார் கேட்பார்கள் என் பேச்சை?

ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த அம்மாள் மேல் எனக்குப் பொறாமை. இவர் குரல் மேல் பொறாமை. இவர் கொலுசு மேல் பொறாமை. இவர் கொண்டுவரும் ஓட்டை மைக்கின் மேல்கூடப் பொறாமை! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பக்கம் என் வீட்டுக்காரர் கடை. நடுவில் ஒரு பலகைச் சுவர். பின்பக்கம் என் கால்மிதி தையல் மிஷின். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு தோல் பெல்ட். தோல் என்றால் நாளடைவில் நீளும். நீண்டால் இன்னொரு ஓட்டை போட்டு, கம்பிக் கொக்கியில் மாட்டி, மிச்ச நுனியை நறுக்கிவிட வேண்டும். அவர் மாட்டினார், நறுக்கவில்லை. நுனி சுற்றி வரும்போதெல்லாம் இரும்புச் சட்டத்தில் டக்கென்று அடிக்கும். சக்கரம் இரண்டு சுற்று முடிப்பதற்குள் பெல்ட் ஒரு சுற்று முடித்துவிடும். அதனால் என் மிதிக்கு முந்திக்கொண்டு விழும் அந்த டக்.

“மாமா, இந்த வாலைக் கொஞ்சம் வெட்டிவிடுங்களேன். காது வலிக்குது.”

“வெட்டலாம் டைலரம்மா. நாளைக்கு.”

அந்த நாளைக்கு இரண்டு வருடம் ஓடியது. ஆனால் மணிக்குரல் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால்? சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார்! சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு, இந்தப் பக்கம் என் டக் டக். எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியாதா? தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள், எரியாதா?

ஒருநாள் மத்தியானம் எழுந்து போனேன். புது பெல்ட் வாங்கினேன். நானே மாட்டினேன். பழையதைக் குப்பைக் கூடையில் வீசினேன். மிஷின் வெண்ணெயாய் ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்குரூடிரைவர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவர் வந்து நிலைப்படியில் நின்றார்.

“என்ன, சத்தத்தையே காணோம்?”

“புது பெல்ட்டு. இனிமே யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம்.”

கூடையிலிருந்து பழைய பெல்ட்டை எடுத்தார், நூல் தூசியைத் தட்டினார், சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூஞ்சியைப் பார், பெல்ட்டுக்குத் துக்கம் காக்கிற மூஞ்சி என்று நான் மனசுக்குள் திட்டினேன்.

அவர் கண்மூடிய பிறகு கடையை ஒழித்தேன். மேசையின் அடி இழுப்பறையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே அந்த பெல்ட். அதன்மேல் ஒரு கேசட். அவர் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘டைலரம்மா கால். அழிக்காதே.’ போட்டுக் கேட்டால், தொம், தொம், டக், கூடவே மணிக்குரலின் பாட்டு!

பழுது பார்த்த டேப்பைச் சோதிக்க ஏதாவது ஒரு சத்தத்தைப் பதிவு செய்வார். சும்மா ஓடிய மைக்கில் சுவர் வழியாக விழுந்தது என் கால். அதன்மேல்தான் இந்த அம்மாள் முதல் பாட்டைப் பாடியிருக்கிறார். மணிக்குரல், உங்களுக்குத் தெரியுமா இது? எழுந்து சொல்லுங்கள்.

“சத்தியமா தெரியாதுக்கா! தாளம் யாருண்ணே வாசிக்கிறதுன்னு கேட்டேன். செவுரு வாசிக்குதும்மான்னு சொல்லிச் சிரிச்சாரு.”

கேட்டீர்களா? என்னிடம் சொல்லாத வேடிக்கையை அவரிடம் சொல்லியிருக்கிறார். அடங்கிய பொறாமை மறுபடி தலைதூக்குகிறது, பாருங்கள்!

என் காலைக் கேட்டவர் என் வாயைக் கேட்டாரா? பெல்ட்டைப் பொத்தி வைத்தவர் காரணத்தை ஏன் பொத்தி வைத்தார்? ஊரெல்லாம் ஆடிய தாளம் உன் கால் என்று ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால், இன்னும் இரண்டு வருடம் அந்த வாலோடு மிதித்திருக்க மாட்டேனா? அடுத்தவள் மேல் பட்ட பொறாமையை விட்டுவிடலாம். என் சொந்த பெல்ட் மேலேயே பொறாமைப்படுகிறேனே, இதை எங்கே போய் விடுவது?

ஆகவே சபைக்கு முன்னால் கேட்கிறேன். பலகையை மாற்றுங்கள். மணிக்குரலின் பெயர் இருக்கட்டும், குரல் அவருடையது. அதற்கு மேலே, தாளம் தையற்காரியின் கால் என்று எழுதுங்கள். ஐயா தலையாட்டுகிறார். தலையாட்டினால் போதாது ஐயா, மைக்கில் சொல்லுங்கள்.

“மேடையில மிஷின் இருக்கு, பெல்ட்டும் இருக்கு. ஒருதடவை மிதிச்சுக் காட்டுங்கம்மா. சபை கேட்கட்டும், எழுதிடலாம்.”

நியாயம். அதற்காகத்தான் மிஷினைத் தூக்கிவரச் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரமாக வீட்டில் முயற்சி செய்கிறேன். பெல்ட்டில் ஐந்து ஓட்டை. மாட்டிப் பார்த்தால் ஒன்றில் நழுவுகிறது, ஒன்றில் இறுகுகிறது, ஒன்றில் டக் பிந்தி விழுகிறது. அன்று கழற்றி எறிந்த ஆத்திரத்தில் எந்த ஓட்டை என்று நான் பார்க்கவில்லை. பார்த்து மாட்டியவர் ஒரே ஆள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி, கண்ணைத் துடைக்கும் தாய்மார்களுக்கு நன்றி, வணக்கம். கொஞ்சம் அமைதியாக இருங்கள், இதோ உட்கார்ந்துவிட்டேன், கொக்கி கையில் இருக்கிறது.

ரேடியோ மாமா, எந்த ஓட்டையில் மாட்டினீர்கள்?