கொக்குச் சுவர்

சுவரில் ஆணி அடிப்பதற்கு முன் விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டிச் சுவரின் சத்தம் ஒருவிதம், உள்ளே ஈரம் ஊறிய சுவரின் சத்தம் வேறுவிதம். என் வீட்டுச் சுவர்களில் நூற்றுப் பதினாறு பொருள்கள் தொங்குகின்றன. மர முகமூடிகள், களிமண் குதிரைத் தலைகள், சாயமேற்றிய பாய்கள். இதுவரை ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை. நேற்று சோதனைக்கு வந்த உங்கள் காவலர் ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி ஒரு முகமூடியின் கொம்பில் மாட்டினார். அந்த மாதிரி ஆட்களிடம் பேசுவது வாய்க்குத்தான் வலி.

என் மனைவியின் தம்பியும் அதே ரகம்தான். "என்ன மாமா, உக்காரலாமா, இல்ல டிக்கெட் எடுக்கணுமா?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான். அவனுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.

இருபத்தாறு வருடமாகக் கட்டிடப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருக்கிறேன். எந்தக் கட்டிடம் நிற்கும், எது விழும் என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கணிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு வேலையாகப் போன தெருவில்தான் அந்தச் சுவரைப் பார்த்தேன். ஓட்டு வீடு. முன்னறையின் மண்சுவர் முழுக்க ஒரே ஒரு கொக்கு. அதன் வயிற்றுக்குள் ஏழு மீன்கள். ஒவ்வொரு மீனின் வயிற்றுக்குள்ளும் ஒரு குட்டிக் கொக்கு. செம்மண், சுண்ணாம்பு, அடுப்புக்கரி, இவ்வளவுதான் வண்ணம். அழகான ஒன்றைப் பார்த்து நான் அழுதது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

வரைந்தவள் அந்த வீட்டு மருமகள். முப்பது வயதுகூட இருக்காது. கையெல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு. "அடுத்த மாசம் வெள்ளையடிச்சுட்டு வேற வரையணும் சார். ஒரு வருஷமா இதையே பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு" என்றாள்.

வருடா வருடம் அப்படித்தானாம். பத்து வருடமாக வரைகிறாள், பத்து வருடமாகத் தன் கையாலேயே அழிக்கிறாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

விலை கேட்டேன். "சுவர வித்துட்டுக் கூரைய எங்க சார் வைக்கிறது?" என்று மறுபடியும் சிரித்தாள். நியாயமான கேள்விதான். உத்தரம் அந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

ஆகவே, அந்தச் சுவர் ஆபத்தானது, உடனே அகற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். உண்மையில் அது கல் மாதிரி இருந்தது. என் பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான். அவர்கள் பயந்துபோனார்கள். புதுச் சுவர் என் செலவில், பழையது எனக்கு என்றேன். அவள் கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். மாமியார்க்காரி மட்டும், "சுவரு போனாப் போகுது, எங்க மருமக கை இருக்குல்ல" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

உத்தரத்துக்கு அடியில் இரண்டு இரும்பு ஜாக்கிகளை முட்டுக்கொடுத்துவிட்டு, கொக்கைச் சட்டம் கட்டி முழுசாக அறுத்து எடுத்தோம். அந்த இடத்தில் கொத்தனார் புதுச் சுவர் எழுப்பினார். போகும்போது என்னிடம் சொன்னார்: "சார், சுவரு பச்சையா இருக்கு. பத்து நாளைக்கு ஜாக்கியத் தொடாதீங்க." எனக்கே பாடம் எடுக்கிறார். தலையாட்டினேன்.

கொக்கை என் வீட்டு மாடிக் கூடத்தில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் காலையில் மனைவி கீழே தன் தையல் அறையிலிருந்து கூப்பிட்டாள். "மேல ஏதோ நெரியுதுங்க. கூரையில கீறல் விட்டிருக்கு."

ஓடிப்போய்க் கொக்கைத்தான் முதலில் பார்த்தேன். தரை பாரம் தாங்காமல் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. மாலைக்குள் கொக்கின் கழுத்தில் விரிசல் விழுந்துவிடும். கீழே இரண்டு ஜாக்கிகள் நிறுத்தினால் போதும். வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்பீர்கள். அன்று கடைக்கு வார விடுமுறை.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் புதுச் சுவருக்கு முன்னால் குத்தவைத்து, கரித்துண்டால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். ஜாக்கியை எடுக்க வந்திருக்கிறேன் என்றதும் எழுந்து நின்றாள்.

"அதுக்குள்ளயா சார்? கொத்தனாரு பத்து நாளுன்னாரே?"

வழக்கம்போல விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. தலையணையைத் தட்டியது போல இருந்தது.

"இறுகிடுச்சும்மா. நான் பாத்துச் சொல்றேன்ல."

"நீங்க சொன்னாச் சரிதான் சார்" என்றாள். ஒரு ஜாக்கியின் மறுமுனையைப் பிடித்து, வண்டி வரைக்கும் தூக்கி வந்தாள். மாமியார் உள்ளேயிருந்து, "சாருக்கு ஒரு வாய் டீ குடுத்தியா?" என்று கேட்டாள். நேரமில்லை என்றேன்.

சாயங்காலத்துக்குள் விழும் என்று நினைத்தேன். நாலு மணிக்கே அந்தப் புதுச் சுவர் கூரையோடு விழுந்தது. கணவன் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததால் தப்பித்தான். மற்ற இருவரும் உள்ளே இருந்தார்கள்.

நான் செய்தது கொலை என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவள் இருந்திருந்தால் இன்னும் முப்பது சுவர் வரைந்து முப்பதையும் அழித்திருப்பாள். நான் ஒன்றைக் காப்பாற்றினேன். அவளைத் தெரிந்துகொள்ள விரும்புகிற யாரும் இனி என் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வரட்டும், செருப்பை வெளியே விட்டுவிட்டு வரட்டும்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று. காலையில் உங்கள் எழுத்தர், அந்த இரண்டு ஜாக்கிகளும் சாட்சிப் பொருளாம், நாளைக்கே ஆள் அனுப்பிக் கழற்றி எடுத்துக்கொள்வார்களாம் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். அவற்றுக்கு நடுவில்தான் என் மனைவி உட்கார்ந்து தைக்கிறாள். இத்தனை நாளில் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். மேலே அவ்வளவு பாரம் இருக்கும்போது, தெரிந்தே கீழே இருக்கிற ஜாக்கியைக் கழற்றுகிறவன் மனுஷனா? கொக்கு என்ன ஆகும்?