இறக்கை பிடித்தவன்

மாலை ஆறு மணி. திருப்போரூரைத் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே கடலை நோக்கிப் போகும் ஆளில்லாத சாலை… அதன் முடிவில் ஒரு பழைய ஓடுபாதை. ஜன்னா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து. நம் பிரதீபாவின் அத்தை மகள் மானசாவுக்கு நடந்தது இது.

அங்கே கேடட் மாணவர்களுக்குக் கிளைடர் பயிற்சி முகாம். கிளைடர் விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. ஓடுபாதையின் மறுகோடியில் நிற்கும் விஞ்ச் என்ற இயந்திரம், நீண்ட கம்பிவடத்தால் இழுத்து மேலே ஏற்றும். கிளைடருக்கு இருப்பது ஒரே சக்கரம். நிற்கும்போது சாய்ந்து, ஒரு இறக்கை தரையைத் தொட்டுக் கிடக்கும். யாராவது அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இறக்கை நேரானால் 'இழு' என்று அர்த்தம். பிடித்தவருக்குத்தான் அடுத்துப் பறக்கும் முறை. அது முகாமின் வழக்கம்.

போன வருடம் இனியன் என்ற பையன் பிடித்துக்கொண்டு நின்றபோது வடம் அறுந்து வந்து அடித்தது. "அடுத்தது நான்தான், மறந்துடாதீங்கடா," என்று சொல்லிவிட்டுத்தான் பிடித்தானாம்… அந்த அடுத்தது வரவே இல்லை.

அன்று கடைசி முறை மானசாவுக்கு. தனியாக அவள் பறந்ததே இல்லை. வடம் மாட்டியாயிற்று. பின்னிருக்கையிலிருந்து பயிற்சியாளர் வேதாந்தம் இறங்கினார்.

"உக்காந்துகினே இரும்மா. எறக்க புடிக்க ஆளக் கூட்டினு வரேன்."

கொட்டகைப் பக்கம் நடந்தார். கண்ணாடி மூடிக்குள் அவள் மூச்சுச் சத்தம். உப்புச் சேற்று வாடை.

இறக்கை மெல்ல எழுந்தது… நேரானது.

நுனியில் யாரும் இல்லை.

அவள் கத்துவதற்குள் வடம் விறைத்தது. கிளைடர் கிளம்பிவிட்டது. உயரத்தில் வடத்தைக் கழற்றிவிட்டாள். பிறகு காற்றின் இரைச்சல் மட்டும். கீழே கடல் கறுத்துக்கொண்டிருந்தது. ஒரு தவறு செய்தாலும் திருத்தப் பின்னால் ஆளில்லை. படித்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருப்பினாள்… இறக்கினாள். சக்கரம் தடதடத்து நின்றது.

இறக்கை சாயவில்லை.

வேதாந்தம் ஓடி வந்தார். விஞ்ச் ஓட்டும் காஜா மொய்தீன், இயந்திரத்தை அணைத்துவிட்டு பைக்கில் வந்து சேர்ந்தார்.

"ஒரு பையன் புடிச்சிகினு நின்னான் சார். அதான் இழுத்தேன்."

வேதாந்தம் மானசாவின் கையைப் பற்றி வெளியே இழுத்தார். அவள் கால் தரையைத் தொட்டதும், இறக்கையை யாரோ மெதுவாகக் கீழே வைத்தார்கள். உப்புத் தரையில் நறநறவென்று காலடிகள்… நுனியிலிருந்து, அவர்களைத் தாண்டி, கிளைடர் வரை.

காலி இருக்கையில் பெல்ட் பூட்டிக்கொள்ளும் சத்தம். க்ளிக்.

தூரத்தில், மறுகோடியில், காஜா அணைத்துவிட்டு வந்த விஞ்ச் உறுமத் தொடங்கியது.