ஒத்தைக் கை ஆட்டம்

இல்ல தம்பி, நான் உங்களத் திட்டல. மெஷின்தான் திட்டுது. அந்தக் கீ கீ சத்தம் உங்களுக்குத்தான். ஊசி குத்தின கைய ஆட்டாதீங்கன்னு போன தடவையே சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கை மடங்கினா குழாயில ரத்தம் தடங்கும், இது கத்தும். இது கத்தினா டயாலிசிஸுக்குப் படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் பக்குன்னு ஆகும். அப்படி என்ன விளையாட்டு அது? காட்டுங்க பாப்போம்.

துப்பாக்கியால சுடறதா! நம்ம ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடறதுக்கு அரை நாள் படுத்திருக்கோம், நீங்க அடுத்தவன் ரத்தத்தக் கொட்டிக்கிட்டு இருக்கீங்க. ரெண்டு கட்டைவிரலாலயும் தட்டிக்கிட்டே இருக்கணும், கொஞ்சம் அசந்தா செத்தீங்க. அதுக்குப் பேரு பொழுதுபோக்கு!

கோபமா பேசறேனா? ஆமா, கோபந்தான். தண்ணியக்கூட அளந்து குடிக்கச் சொல்லிட்டாரு டாக்டரு. கோபத்துக்கு அவர் இன்னும் அளவு வெக்கல.

சரி, இந்தாங்க என் டேப்லெட். சும்மா இருக்கிற கையால வாங்குங்க. இந்தச் சாய்வு நாற்காலிக்குன்னே சில விளையாட்டு இருக்கு. ஒரு கை போதும். கடிகாரம் துரத்தக் கூடாது. நடுவுல கண்ணு சொருகிட்டா தோத்தாச்சுன்னு சொல்லக் கூடாது. முதல்ல இருக்கே, அது தோட்டம். விதையப் போட்டா அது பாட்டுக்கு வளரும், நீங்க பாக்கலன்னு கோவிச்சுக்காது. பக்கத்துல இருக்கறது படத்துண்டு சேர்க்கிறது. வானம் நிறைய இருக்கிற படத்த மட்டும் எடுத்துடாதீங்க, எந்த நீலம் எந்த நீலத்தோட சேரும்னு தேடியே பைத்தியம் பிடிச்சிடும். அப்புறம் ரயில் பாதை போடறது. அதுல ரயில் மோதாது. எதிரெதிர வந்தா ரெண்டும் நின்னு ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கும். மனுஷனுக்கு அந்தப் புத்தி கிடையாது.

பண்ணை விளையாட்டு ஒண்ணு விளம்பரத்துல வரும், அத இறக்கிடாதீங்க. மெதுவான விளையாட்டு மாதிரி வேஷம் போடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் உங்க மாடு அழுதுன்னு சேதி அனுப்பும். காசு கட்டினா மாடு சிரிக்கும். அயோக்கியப் பசங்க! அதுல தமிழ் வேற. நீங்கள் வென்றுவிட்டாய்னு போட்டிருக்கான். நாப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன் தம்பி நான். மாடு எக்கேடு கெட்டாலும் போகட்டும்னு அன்னிக்கே அழிச்சிட்டேன்.

கடைசியில இருக்கிறதா? அது செஸ். உங்களுக்கு ஆகாது, எதிராள் வேணும். ஒரு காய நகத்த மூணு நாள் அவகாசம் உண்டு. என்னோட ஆடறது என் பையன், வெளியூர்ல இருக்கான்.

ஐயையோ, தொடாதீங்க! கைய எடுங்கய்யா! ராணிய அங்க வெச்சா மேட், ஆட்டம் முடிஞ்சுது, அது எனக்குத் தெரியாதா? நீங்க ஒரு நிமிஷத்துல பாத்தத நான் ஒரு மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன். அவனுக்கும் தெரியும். சின்னப் புள்ளையிலேருந்து ஆடறவன், ராஜாவ இப்படித் திறந்து போடறவன் இல்ல. அடிச்சு முடிச்சிடுங்கப்பான்னு கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிறான், படுபாவி. மாட்டேன். முடிச்சிட்டா அடுத்த ஆட்டத்துக்கு வருவான்னு என்ன நிச்சயம்?

போன எடுக்க மாட்டேங்கறான் தம்பி. ஆனா காய நகத்தறான். காலையில கண்ணு முழிச்சுப் பாத்தா குதிரை வேற கட்டத்துல நிக்கும். சரி, புள்ள நல்லாத்தான் இருக்கான்னு நினைச்சுக்குவேன். நானும் யானைய அங்கயும் இங்கயும் ஓட்டறேன். அதையும் யோசிச்சுத்தான் செய்யணும். ஒரே நிலை மூணாவது தரம் வந்துட்டா சமன்னு சொல்லி ஆட்டத்த இதுவே மூடிடும்.

சண்டையா? சண்டையா இருந்தா சமாதானம் பண்ணியிருப்பேனே. அவனாத்தான் போய் டெஸ்ட் எடுத்துக்கிட்டான். நான் கேக்கல, சத்தியமா கேக்கல. அவனாத்தான் கூப்பிட்டு, என் கிட்னி உங்களுக்குப் பொருந்துதாம்ப்பான்னான். ஆரம்பிக்கறப்ப குரல் கணீர்னு இருந்துச்சு. முடிக்கறப்ப இல்ல. அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. பயந்துட்டான். அதுக்கப்புறம் போன எடுக்கல.

அவனத் திட்டலங்க. அவன எதுக்குத் திட்டணும்? என் மச்சானத் திட்டறேன். பெத்த புள்ள குடுக்காம எவன் குடுப்பான்னு ஊரெல்லாம் பேசறான். என் வீட்டுக்காரியத் திட்டறேன். ஆபரேஷனுக்கு எப்ப வர, தேதியச் சொல்லு, தேதியச் சொல்லுன்னு அவனுக்கு விடாம சேதி அனுப்பறா. நீங்க சுடறீங்களே, அதே கதைதான். உடனே தட்டு, இல்லேன்னா ஆள் காலி!

எழுதிப் பாக்காமலா இருப்பேன்? வேண்டாம்னு எழுதினா கோபத்துல சொல்றேன்னு நினைப்பான். பரவாயில்லன்னு எழுதினா ஏங்கறேன்னு நினைப்பான். உன் இஷ்டம்னு எழுதலாம், அதவிடப் பெரிய மிரட்டல் உண்டா? கண்டவன் வாக்கியத்தையெல்லாம் திருத்தினேன், என் வாக்கியம் ஒண்ணு நேர்ப்பட மாட்டேங்குது. அத வாயாலதான் சொல்லணும். எனக்கு வேண்டாம்டா, இந்த நாற்காலி எனக்குப் பழகிடுச்சு, நீ பொறக்கப்போற உன் புள்ளையப் பாருன்னு. அதச் சொல்லத்தான் தினம் கூப்பிடறேன். அவன், கிட்னி கேக்கத்தான் அப்பா கூப்பிடறாருன்னு நினைச்சுப் போனக் குப்புறப் போட்டுட்டு உக்காந்திருக்கான்.

டேப்லெட் உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்களே நகத்துங்க. ராணி இல்ல, யானை. ரெண்டு கட்டம் பின்னால. ம், அங்கதான். போதும். இனி அவன் முறை, நிதானமா நகத்தட்டும்.