சின்னவளுக்கு எண் இல்லை

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகுக்கு இதமாக இருக்கிறது. பேருந்து ஓட்டுகிறவர்கள் எங்கே போனாலும் முதலில் இருக்கையைத்தான் பார்ப்பார்கள். எங்கள் பணிமனையில் பாதிப் பேருக்கு இடுப்பு போனது அதனால்தான். நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் அவ்வளவு சரியில்லை. பின்னால் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் நாங்கள் பிறந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் தவறு அங்கேதான் நடந்தது. அந்தத் தவறு என்னுடையது இல்லை என்பதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். முகஜாடை கொஞ்சமும் ஒட்டாது. நான் அப்பாவைப் போல உயரம், கறுப்பு. அவள் அம்மாவை உரித்து வைத்தவள். நான் முந்திப் பிறந்ததால் பெரியவள், பின்னாலேயே வந்ததால் அவள் சின்னவள். வீட்டில் எங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பதிவு அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான், ஒரே தேதி, ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு என்று இரண்டு பதிவு இருப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரே குழந்தையை இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை அடித்துவிட்டார். மிச்சம் இருந்த பெயர் என்னுடையது. அரசாங்க அடையாள எண்ணும் அட்டையும் அந்தப் பெயருக்குத்தான் வந்தன.

அம்மா சும்மா இருக்கவில்லை. கால் கடுக்க எத்தனையோ வரிசைகளில் நின்றாள். போன இடத்தில் எல்லாம் அடுத்த வாரம் வா என்றார்கள். கடைசியில் அலுத்துப்போய், "ஒரே வயித்துல ஒண்ணா இருந்தீங்கல்ல, ஒரே நம்பர்ல இருக்க முடியாதா?" என்று எங்களைக் கேட்டாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்படித்தான் அது ஆரம்பமானது. அட்டைக்கு ஒரு நகல் எடுத்து சின்னவளிடம் கொடுத்தாள். அந்தக் காலத்து அட்டையில் படம் கிடையாது. "வெளியில எங்கயும் ரெண்டு பேருன்னு வாயத் திறக்காதீங்க. திறந்தா உள்ளதும் போயிரும்" என்றாள். அம்மா போன பிறகும் சின்னவள் அந்தச் சொல்லைத் தாண்டியதே இல்லை. அவள் சாது.

சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும் என்கிற வகை. அரசு மருந்தகத்து ஜன்னலில் எண்ணைச் சொல்லி, என் பெயரில் கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் வாங்கி வருவாள். என் கையெழுத்தை என்னைவிட அவள் அழகாகப் போடுவாள். அந்த ஜன்னலில் இருக்கும் மருந்துக்காரம்மாவுக்கு என் பெயர் என்றால் அவள் முகம்தான். எனக்கு அது ஒரு நாளும் உறுத்தவில்லை. நான் நோய் நொடி அறியாதவள், ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை. நான் வண்டி ஓட்டப் போனேன். அவள் வீட்டில் இருந்தபடியே சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தாள். நான் வேலை முடிந்து வந்தால் தட்டில் சோறு சூடாக இருக்கும். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம், ஐயா. அவள்மேல் எனக்கு உயிர். இதை நீங்கள் எழுதுவதாகத் தெரியவில்லை.

பள்ளி வேன், தண்ணீர் லாரி என்று எல்லாம் ஓட்டிவிட்டு, நகரப் பேருந்தில் தற்காலிக ஓட்டுநராகச் சேர்ந்தேன். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் கிழவிகூட அசைய மாட்டாள். நிரந்தரப் பட்டியலில் என் பெயர் வந்தபோது பணிமனையே கைதட்டியது. சீருடைக்கு அளவு எடுத்தார்கள். பிறகு, என் எண்ணில் இருந்த மருத்துவப் பதிவைப் பார்த்துவிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். இன்சுலின் எடுத்துக்கொள்பவர், பேருந்து ஓட்டத் தகுதியற்றவர் என்று எழுதியிருந்தது. ஓட்டும்போது சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் வண்டி நிறைய உயிர்கள் போகும் என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இத்தன நாளா மறைச்சு ஓட்டியிருக்கியே, மனசாட்சி வேணாமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்து மனசாட்சி என்றார். அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் பதிவு சரியாகாவிட்டால் என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சின்னவளிடம் சொல்லாமல் திருத்தப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், எரிந்து விழவில்லை. யார் பெயரையும் சொல்லாமல், ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் என்ன வழி என்று கேட்டேன். "விசாரணை முடியிற வரைக்கும் அந்த நம்பரை முடக்கி வச்சிருவோம்மா. ரெண்டு பேருக்கும் இருக்காது. அப்புறம் இன்னொருத்தருக்குப் புது நம்பர் கிடைக்கும்" என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எண் முடங்கினால் எனக்கு வேலை இல்லை, அவளுக்கு மருந்து இல்லை. இரண்டு பேரும் நடுத்தெருவில் நிற்பதைவிட ஒருத்தியாவது கரையேறுவது மேல் என்று நினைத்தேன். இதில் என்ன பிசகு இருக்கிறது?

அதனால் மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்தகம் இருக்கிற பக்கம் போகவில்லை, பரிசோதனைக் கூடத்துப் பக்கம் போனேன். இளம் டாக்டர். என் பதிவைத் திரையில் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்து நம்பாமல் மறுபடி எடுத்தார். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி எடுத்தார். வேறொரு நாள் வரச் சொல்லி அன்றும் எடுத்தார். "உங்களுக்குச் சர்க்கரையே இல்லையேம்மா. யாரோ தப்பா ஏத்தி வச்சிருக்காங்க" என்றார். நானும் அதைத்தான் சொல்கிறேன் என்றேன். இத்தனை வருஷமும் ஊசி போட்டீர்களா என்று கேட்டார். "ஒரு ஊசிகூட நான் போட்டுக்கிட்டது இல்ல சார்" என்றேன்.

பாருங்கள், நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கொடுத்த ரத்தம் என்னுடையது. பெயர் என்னுடையது. எண் என்னுடையது. பதிவில்தான் பொய் இருந்தது, அதை நான் எடுத்துக் காட்டினேன். டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நோயை நீக்கினார், மருந்தை நிறுத்தினார், சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது வாழ்க்கையில் முதன்முறையாக முழு ஆளாக நடப்பதுபோல இருந்தது. அந்த வாரமே நிரந்தர ஆணை வந்தது. சின்னவள் எனக்குத் திருஷ்டி கழித்து, என் சீருடைக்குத் தன் கையாலேயே பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

மாதம் பிறந்ததும் அவள் மருந்தகத்துக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். வந்தவள் சிரித்துக்கொண்டே, "அக்கா, எனக்குக் குணமாயிருச்சாம்" என்றாள். ஜன்னல் அம்மா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சர்க்கரை இல்லையென்று டாக்டரே எழுதிவிட்டாராம், இனிமேல் ஊசி வேண்டாமாம். சின்னவள் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் இரண்டு பேர் என்று வெளியே வந்துவிடும் அல்லவா, அப்படி வந்தால் என் வேலைக்கு வினை என்று வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். "நீ போய் விசாரிக்கா, உனக்குத்தான் பேசத் தெரியும்" என்றாள். நாளைக்குப் போகிறேன் என்றேன்.

வீட்டில் மிச்சம் இருந்த மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டாள். கடைகளிலும் எண்ணும் சீட்டும் இல்லாமல் அதைத் தரமாட்டார்கள். என்னிடம் தினமும் கேட்டாள், தினமும் நாளை என்றேன். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு, நான் வேலை முடிந்து உள்ளே வரும்போது முகத்தை மட்டும் பார்ப்பாள். ஒரு முறை, "உனக்கு அலைச்சல் ஜாஸ்தி, பாவம்" என்றாள். அவளுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. அதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிறகு படுத்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் கேட்டாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், அதில் அழுகிய பழ வாசனை அடித்தது. நான் விடுப்புப் போட்டுக் கூடவே இருந்தேன். துணி மாற்றினேன், உதட்டை நனைத்தேன், தலை வாரிவிட்டேன். ஒரு நர்ஸ்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் வேறு எதையோ கேட்க வருகிறீர்கள், தெரிகிறது. திருத்தப் பிரிவு அதிகாரி உங்களிடம் பேசியிருக்கிறார். ஆமாம், அவர் இன்னொன்றும் சொன்னார். நான் எழுந்து கிளம்பும்போது கூப்பிட்டு, "ரெண்டு பேர்ல யாருக்காவது தொடர்ந்து மருந்து வேணும்னா சொல்லுங்க, தற்காலிகச் சீட்டுத் தர்றேன். மருந்து நிக்காது" என்றார். காதில் விழுந்தது. மருந்து நிற்காது, சரி. வேலை நிற்குமே. அதற்குச் சீட்டுத் தருவீர்களா என்று நான் கேட்கவில்லை, தரமாட்டார்கள் என்று தெரியும். அந்தப் பேச்சை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சின்னவள் கேட்டிருந்தால் அவளே வேண்டாம் என்றிருப்பாள், எனக்காக எதையும் விட்டுக்கொடுப்பவள் அவள். அவள் விட்டுக்கொடுத்ததாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசி நாள் மத்தியானம் அவளுக்குத் தெளிவு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இனிமே மறைக்க வேணாம். டாக்டர்கிட்டப் போய் நாம ரெண்டு பேருன்னு சொல்லிரு" என்றாள். சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் போனேன். அங்கேதான் எங்கள் பேருந்து திரும்பும். என் வண்டியை வேறு ஆள் ஓட்டிக்கொண்டு வந்தான், திருப்பத்தில் பிரேக்கை மிதித்து ஆட்களைக் குலுக்கினான். நின்று பார்த்தேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். திரும்பி வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டேன். வண்டி அனுப்புறாங்க" என்றேன்.

அதுதான் நான் அவளிடம் சொன்ன ஒரே பொய். நிம்மதிக்காகச் சொன்னது. அவள் முகம் தெளிந்தது. ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டுமே, கதவை நன்றாகத் திறந்து வை என்றாள். திறந்து வைத்தேன். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கழுத்தைத் தூக்கினாள். பிறகு தூக்கவில்லை.

மயானத்தில் அவளை என் தங்கை என்று சொல்லவில்லை. சொன்னால் எண் கேட்பார்கள். வெளியூரிலிருந்து வந்து வீட்டில் தங்கியிருந்தவள், ஊர் பேர் தெரியாது என்றேன். அழுகை வந்தது. யாரோ ஒருத்திக்காக இந்தக் காலத்தில் இப்படி அழுகிறாயே என்று அங்கே இருந்தவர் மெச்சினார்.

நீங்கள் என்னைத் தேடி வந்தது அந்த மருந்துக்காரம்மாவால்தான். ஒரு நாள் என் வண்டியில் ஏறினாள். என் மார்பில் இருந்த பெயர்ப் பட்டையைப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி பட்டையைப் படித்தாள். "இந்தப் பேருல ஒரு பொண்ணு வருமே, வெளுப்பா, சிரிச்ச முகமா. அது எங்க?" என்று கேட்டாள். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

ஆக, நடந்தது இதுதான். என் தங்கைக்கு வர வேண்டிய மருந்தை நான்தான் நிறுத்தினேன். நிறுத்தினால் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தே நிறுத்தினேன். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை நான் மறுக்கப்போவதில்லை.

ஒன்றே ஒன்று, ஐயா. உங்கள் உதவியாளர், இறந்தவரின் எண் என்ற இடத்தில் என் எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறார். அதை அடிக்கச் சொல்லுங்கள். அப்படியே போனால் நான் இறந்துவிட்டதாகப் பதிவாகிவிடும். ஒரு தப்பான பதிவைத் திருத்துவதற்குள் மனுஷி என்ன பாடு பட வேண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.