பெருமாளின் இடப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு எங்கள் தெருவில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். நானும் பகவதிப்பெருமாளும் மட்டும் போர் செய்துகொண்டிருப்போம்.

எஸ்.ஐ. மேடம், விபத்தைப் பார்த்த சாட்சி என்ற முறையில் என்னிடம் இரண்டு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். இது இரண்டு வரியில் அடங்காது, மன்னிக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளனாக இருந்தவன் நான். ஊரார் சொன்னதையெல்லாம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதினேன். என் சமாசாரம் என்று வரும்போது தமிழில்தான் வருகிறது. உங்கள் ஸ்டேஷனில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் உண்டு என்றீர்கள். அவர் பொறுமைசாலியாக இருந்தால் நல்லது. தண்ணீர் லாரி ஓட்டிய பிரவின்ராஜ் மீது வழக்குப் பதிந்திருக்கிறீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்வதுதான் முறை.

என் பெயர் சுந்தரராமன், வயது எழுபத்தொன்று. வீடு கரமனை அக்ரஹாரத்தில். மனைவி சாவித்ரி தவறி ஆறு வருடம் ஆகிறது. பையன் அபிஜித் கனடாவில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான், அதிலும் பாதி கைதவறி அழுத்தியது. திங்கள் முதல் சனி வரை நான் வாய் திறப்பது பால்காரரிடமும் மருந்துக்கடையிலும்தான். சில நாள் பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு அதுவும் கிடையாது.

பகவதிப்பெருமாள் நில அளவை ஆபீசில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஆற்றங்கரைப் பக்கம் தனி வீடு, அவருக்கும் மனைவி இல்லை. ஒரே பெண் சுப்ரியா புனேயில் இருக்கிறாள். எங்களைச் சேர்த்துவைத்தது அவர் செய்த விளையாட்டு. வித்துராவிலிருந்து பொன்முடி அடிவாரம் வரைக்கும் ஆறு, வளைவு, தேயிலைச் சரிவு எல்லாம் போட்டு, சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு ஒரு படம் வரைந்திருந்தார். அதன்மேல் அறுகோணக் கட்டங்கள். படைகளுக்கு மரக்கட்டைகள். கட்டையின் முகம் சொந்தக்காரரைப் பார்த்து நிற்கும், எதிராளிக்கு வெறும் முதுகு மட்டும் தெரியும். எதிரே நிற்பது பீரங்கியா, சமையல் வண்டியா என்று தெரியாமல்தான் சண்டை போட வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள ஆளுக்கு நாலு வேவுக்கட்டை உண்டு. எதிராளியின் கட்டைக்குப் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அடுத்த முறை அவர் அதைத் திருப்பிக் காட்டியாக வேண்டும். ஆனால் அது வருவதை அவர் கவனித்துவிட்டால் சுட்டு எடுத்துவிடுவார். இவ்வளவுதான் விதி. இதில் நான் மூன்று வருடம் தொடர்ந்து தோற்றேன்.

“சாமி, நீர் கண்ண மூடிக்கிட்டு ஓடுதீரு,” என்பார். “முதல்ல என்ன தெரியணும்னு தீருமானியும். பெறகு ஆள அனுப்பும். வேவுக்குப் போறவன் சண்ட போடப்பிடாது. பாத்ததத் திரும்பி வந்து சொல்லணும், அம்புட்டுதான் அவன் ஜோலி.”

என்னை அவர் சாமி என்பார். நான் அவரைப் பெருமாள் என்பேன். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆட்டம் முடிந்ததும் மெயின் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கச் சாயக்கடைக்கு டீ குடிக்கப் போவோம். தோற்றவர் கடையில் நின்று அன்றைய தோல்வியை வாய்விட்டு விவரிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். நான் விவரித்து விவரித்துத்தான் தேறினேன்.

போன ஓணத்துக்கு முந்தின ஞாயிறு என்னுடைய ஒரு வேவுக்கட்டையைப் போனக்காடு எஸ்டேட் சரிவில் இறக்கினேன். அது அவருக்கு இடப்பக்கம். மறைவே இல்லாத வெட்டவெளி. இரண்டாவது கட்டத்திலேயே சுடுவார் என்று எதிர்பார்த்தேன். சுடவில்லை. நாலு முறை நகர்த்தி அவருடைய தலைமைக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

“திருப்பும் ஓய்,” என்றேன்.

அவர் தலையை முழுவதும் திருப்பித்தான் அதைப் பார்த்தார். “இது எப்பம் வந்து? கள்ளச் சாமி,” என்று சிரித்தார்.

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு தடவை பார்த்ததை மட்டும் நம்பக்கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். அடுத்த ஞாயிறு வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக அனுப்பினேன். வலப்பக்கத்தது உடனே செத்தது. இடப்பக்கத்தது ஊர்வலம் மாதிரிப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் படத்துக்கு வெளியேயும் பார்க்கத் தொடங்கினேன். ஆட்டம் அவர் வீட்டில், காப்பி போடுவது நான். அதை அவருக்கு இடப்பக்கம் வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து, “காப்பி இன்னும் வரல்லியே சாமி,” என்றார். ஏத்தக்காய் உப்பேரித் தட்டில் வறுவலின் வலது பாதியைத் தின்றுவிட்டுத் தீர்ந்துபோச்சு என்றார். பத்திரிகை கொடுத்தால் வரியைப் பாதியிலிருந்து படித்து, “தலையும் வாலும் இல்லாம எழுதுதானுவ,” என்று கோபப்பட்டார். இடது முழங்கையில் புதிது புதிதாகக் காயம். கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார்.

இது என்ன என்று எனக்குத் தெரியும். பல வருடம் முன்பு ஒரு வழக்கில் நரம்பு டாக்டர் ஒருவர் சொன்ன சாட்சியத்தை எழுதியவன் நான். மூளையில் சின்னதாக ரத்தம் அடைத்தால் பார்வையில் ஒரு பாதி போகலாம், கண்ணில் குறை இருக்காது, நோயாளிக்கே மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கலாம், உடனே காட்டினால் அடுத்த அடைப்பைத் தடுக்கலாம். நான் எழுதிய வாக்கியங்களை மறப்பதில்லை.

சுப்ரியா சனிக்கிழமைதோறும் என்னைக் கூப்பிடுவாள். அப்பா போனில் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் என்னிடம் கேட்பாள்.

“அங்கிள், அப்பாக்குக் கொழப்பமொண்ணும் இல்லல்ல?”

“பேஷா இருக்கார். போன வாரமும் என்னைத் தோக்கடிச்சார்.”

“நீங்க அங்க உள்ளதுனால எனக்கொரு சமாதானம் அங்கிள். எதுனா உண்டுன்னா உடனே பறையணும், கேட்டேளா? நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வாரத்தில் ஏழு நாள், அதில் எனக்கென்று இருந்தது ஒன்று. அதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஒருத்தி சொல்லும்போது, எடுத்துக்கொள் அம்மா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் பால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பேனோ என்ற பயம்.

அதனால் கவனித்துக்கொண்டேன். எட்டு மாதம் ஒரு குறையும் வைக்காமல் கவனித்துக்கொண்டேன். காப்பியை வலப்பக்கம் வைத்தேன். அவர் வீட்டு முன்னறையில் இடித்துக்கொள்கிற ஸ்டூலை எடுத்து மூலையில் போட்டேன். என் படையில் முக்கால் பங்கை அவருடைய வலப்பக்கம் நிறுத்தி, அவர் பார்க்கும்படி நடத்தி, மூன்றுக்கு இரண்டு ஆட்டம் தோற்றேன். சந்தேகம் வராமல் தோற்பது ஜெயிப்பதைவிடக் கஷ்டம், மேடம். ரோட்டில் நடக்கும்போது எப்போதும் அவருக்கு இடப்பக்கம் நடந்தேன். நடுத்திட்டில் நின்று ரோட்டின் மறுபாதியைத் தாண்டும்போது வண்டி இடப்பக்கமிருந்துதான் வரும். அங்கே அவர் தோளை லேசாகத் தொடுவேன், நிற்பார். கையை எடுப்பேன், நடப்பார். சனிக்கிழமை சுப்ரியாவிடம் பேஷாக இருக்கிறார் என்பேன். ஒரு மனிதரை அவர் பெற்ற பெண்கூட இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

விஷு முடிந்த ஞாயிறு ஆட்டம் பாதியில் நின்றது. அவர் ஒரு கட்டையைக் கையில் எடுத்தார், வைக்கவில்லை.

“சாமி, நான் புனேக்குப் போறேன். வர்ற வியாழக்கெழம. பிள்ள அங்க டாக்டர்கிட்ட தேதி வாங்கிட்டா.”

“எதுக்கு டாக்டர்?”

“எடப்பக்கம் ஒண்ணும் தெரியல்ல சாமி. கொஞ்ச நாளாவே.” என்னைப் பார்த்துச் சிரித்தார். “உமக்குத் தெரியும்லா. ஒரு நாள் பாத்தா நீர் எடத்துப் பக்கம் மாறி நடக்கீரு. மறுநாளும் எடம்தான். காப்பி வலத்துப் பக்கம் வருது. உம்ம பட்டாளம் பூரா வலத்துப் பக்கம் வந்து சாவுது. நான் என்ன பொட்டனா, இத வேவு பாக்காம இருக்க?”

நான் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினேன்.

“நானும் பிள்ளைட்ட சொல்லாம மறச்சேன். சொன்னா கூட்டிட்டுப் போயிருவா, ஞாயித்துக்கெழம இல்லாம ஆயிரும்னுதான். நீரும் எனக்காச்சுட்டி மறச்சீரு. ஆனா இப்பம் எடது கையும் மரத்துப் போவுது. பயமாட்டு இருக்கு சாமி. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு உண்டு.”

படத்தைச் சுருட்டி என்னிடம் தந்தார். “நீரே வச்சுக்கிடும். அங்க யாரு இத ஆடுவா?”

சாயக்கடைக்குக் கிளம்பினோம். ஐந்து மணி, நல்ல வெளிச்சம். உங்கள் குறிப்பில் வெளிச்சம் போதாது என்று ஒரு வரி கண்டேன், அதைத் திருத்திவிடுங்கள். படத்தை நான் கக்கத்தில் வைத்திருந்தேன். ரோட்டின் முதல் பாதியை அவர் தானே பார்த்துத் தாண்டினார். வண்டி வலப்பக்கமிருந்து வருகிற பாதி அது. நடுத்திட்டில் ஏறி நின்றோம். வழக்கமாக நான் தோளைத் தொடுகிற இடம். அன்று எல்லாம் பேசி முடிந்துவிட்டதால் அவர் வெளிப்படையாகவே கேட்டார்.

“இனி மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? எடத்த நீர் பாத்துச் சொல்லும்.”

பார்த்தேன். நீலத் தொட்டி வைத்த தண்ணீர் லாரி, ஒரு மின்கம்ப தூரத்தில் வந்துகொண்டிருந்தது. வேகம் சாதாரண வேகம். ஓட்டியவர் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் போனும் இல்லை. நாங்கள் அவர் கண்ணில் பட்டிருப்போம், நடுத்திட்டில் நிற்கிற இரண்டு கிழவர்கள் வண்டி போகிறவரை நிற்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“ஒண்ணுமில்லை ஓய், போம்,” என்றேன்.

பெருமாள் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி நடந்தார். நான் நடுத்திட்டிலேயே நின்றேன்.

பிரவின்ராஜ் பிரேக் போட்டார். ரோட்டில் நீங்கள் டேப் பிடித்து அளந்த டயர் அடையாளம் அதற்குச் சாட்சி. அவர் இறங்கி ஓடிவந்து, “ஐயா, நான் நேராத்தான் வந்தேன், அவரா வந்துட்டாரே,” என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். கோவில்பட்டிப் பக்கத்து ஆள் என்று கேள்விப்பட்டேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

எனக்குக் கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. கோர்ட்டில் எத்தனையோ பேர் கண நேரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லி நான் எழுதியிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் பிசகவில்லை. நடுத்திட்டில் நின்றபோது நான் நினைத்தது புனேயைப் பற்றி. பதினோராவது மாடி வீடு, பெண்ணும் மாப்பிள்ளையும் காலையில் ஆபீஸ் போய்விடுவார்கள், கீழே இறங்கினால் மராத்தி. என்னுடைய திங்கள் முதல் சனி வரை அவருக்கும் வந்துவிடும், ஏழாவது நாளும் சேர்த்து. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியாது. தெரிந்தவன்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பட்டது.

நேற்று சுப்ரியா என் வீட்டுக்கு வந்தாள். அப்பா கடைசியாக ஏதாவது சொன்னாரா அங்கிள் என்று கேட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன், நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள். அப்பா வருகிறார் என்று ஒரு மாதம் லீவு போட்டிருந்தாளாம்.

ஆக, பகவதிப்பெருமாள் சாவதற்கு லாரி காரணமில்லை. லாரி வருவதைப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று சொன்ன நான் காரணம். கையெழுத்து கீழே போட்டிருக்கிறேன்.

இன்னொன்று மட்டும் பதிவாக வேண்டும். அவர் தனியாகச் சாகவில்லை. நான் போய் அவருக்கு வலப்பக்கம், அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்தேன். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருகிறவரை விடவில்லை. புனேயில் அவருக்கு யார் இருந்திருப்பார்கள், மேடம்?