மண்மூட்டை வைப்பது என் வேலை

கோல் வலையைச் சுருட்டக் கூடாது, ஐயா. மடிக்க வேண்டும். சுருட்டி வைத்தால் அடுத்த ஆட்டத்தன்று அதைப் பிரிப்பதற்கே இரண்டு பேர் தேவைப்படும். எங்கள் அணியில் வலை மடிப்பது என் வேலை. பந்துக்குக் காற்றடிப்பதும், வெளியே போன பந்தை எடுத்து வருவதும், கோல் கம்பத்தின் பின்கால்களில் மண்மூட்டை வைப்பதும் என் வேலைதான். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று நீங்கள் தினேஷை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, மூட்டை வைக்காமல் விட்டது யாருடைய கவனக்குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் பயந்துபோய், "நானாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டான். தினேஷ் ஒருநாளும் மூட்டையைத் தொட்டதில்லை. பலமாகத் தும்மினாலே அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். என் வேலை இன்னொருவன் பெயரில் போவது சரியில்லை.

அது கவனக்குறைவும் இல்லை.

பழனியப்பன் சேர் எங்கள் தலைமைப் பயிற்றுவிப்பாளர். உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் மூன்று பேர். தினேஷ் பையன்களை ஓட வைப்பான், தான் ஓடமாட்டான். புவாட் நானா கோல்காப்பாளருக்குப் பயிற்சி கொடுப்பார். அவர் கோல் காத்ததே கிடையாது, ஆனால் நல்ல உயரம். மூன்றாவது நான், ஜனகன். கல்லூரியில் உடற்கல்வி படித்தவன் நான் ஒருவன்தான். பாடசாலை ஒன்றில் வேலையும் கிடைத்திருந்தது. சேர் "வா தம்பி" என்றார், வந்துவிட்டேன். வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லை.

நாங்கள் எங்கேயும் வென்றதில்லை. ஆனால் தோற்ற பிறகு சேர் பேசுவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "ஆட்டம் நம்ம கையிலதான் இருந்துச்சு. பந்து மட்டும் அவங்ககிட்ட இருந்துச்சு" என்பார். துரைமார் தலையாட்டுவார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, அடுத்த வருடம் எங்களுக்கு வாருங்கள் என்று அவரைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் தோட்டம் தோட்டமாகப் போனோம். போன இடத்தில் பகலில் எங்களுக்கு ரப்பர் பால் நிறுக்கிற வேலையோ தேயிலைக் கொழுந்து நிறுக்கிற வேலையோ கொடுப்பார்கள். மாலையில் உதைபந்தாட்டம்.

அவர் போனால் நாங்களும் போக வேண்டும். அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சேருடைய தாத்தா கங்காணியாக இருந்தவர். "எங்க தாத்தா ஒரு தோட்டத்தவிட்டு எறங்குனா நாப்பது குடும்பம் சட்டி பானையோட பின்னால எறங்கும். எனக்கு மூணு பேராச்சும் வேணாமா?" என்று சேர் கேட்பார். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, அரநாயக்கவிலிருந்து கிளம்பியபோது, புவாட் நானா கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். சேர் கோபப்படவில்லை. லொறியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மதியமானது, மழை வந்தது, லொறிக்காரன் தூங்கி எழும்பினான். கடைசியில் புவாட் நானாவின் மனைவி பளீலாதான் கதவைத் தட்டினார். "வெளிய வாங்களேன். மனுசன் பட்டினியா கெடக்குறாரு. ஒங்களுக்கு வெக்கமில்லாட்டி எனக்கு இருக்கு." நானா வாளியோடு வெளியே வந்து, நேராக லொறியில் ஏறினார். "சரி சேர், போவோம்" என்றார். அதன்பிறகு யாரும் ஒளியவில்லை. ஒளிவதில் பயனில்லை என்று தெரிந்துகொண்டோம்.

அதே லொறியில் என் மனைவி ஷாமிளாவும் இருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அது மூன்றாவது தோட்டம். அவளுடைய குரோட்டன் செடி ஒன்று சாடியோடு எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு அதைக் காலால் இடுக்கிப் பிடித்துக்கொண்டாள். கரவனெல்லயைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் லொறி திரும்பியபோது சொன்னாள்.

"இங்க பாருங்க. இதுதான் கடைசி. இனி ஒங்க சேர் சொர்க்கத்துக்குக் கூப்பிட்டாலும் நான் இந்த எடத்தவிட்டு அசைய மாட்டேன்."

"சரி" என்றேன்.

"எங்கிட்ட சரிங்க வேணாம். அவருகிட்ட வேணாம்னு சொல்லுங்க. ஒரு வார்த்த. செத்தா போயிருவாரு?"

எட்டு மாதத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. சொன்னபடியே அவள் அசையவில்லை. மைதானத்தின் மேற்கு எல்லைக்கோட்டைத் தாண்டிச் சரிவில்தான் தோட்டத்து மயானம். செடியைச் சாடியிலிருந்து எடுத்து அவள் தலைமாட்டில் நட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு ஆட்டங்களில் பந்து அடிக்கடி அந்தப் பக்கம் போனது. எடுத்து வருவது என் வேலை என்று சொன்னேன் அல்லவா. போனால் சற்று நேரமாகும். செடியில் காய்ந்த இலை இருந்தால் கிள்ளுவேன். எதிரணிக்காரர்கள் நேரம் கடத்துகிறோம் என்று சத்தம் போடுவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணி எதற்கு நேரம் கடத்தப்போகிறது? எங்கள் பின்வரிசைப் பையன்கள் முன்னே ஆள் இருக்கும்போதும் பந்தைச் சரிவுக்கே அடித்தார்கள். படித்தவன் என்ற முறையில் இது தவறான ஆட்டம் என்று சேரிடம் சொன்னேன்.

"அடிக்கட்டும் தம்பி. நீ போயி எடுத்துட்டு வா. மெதுவா வா" என்றார்.

அவருக்கு உத்தி பற்றிய அறிவு குறைவுதான்.

போன மாதம் ஓப்பநாயக்கவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தேயிலைத் தோட்டம், புது மைதானம், கம்பி வேலிகூட இருக்கிறதாம். சேர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏழு வருசமா நீங்க கண்ட தோல்வி வேற, இனி காணப்போறது வேற." தினேஷை லொறி பார்க்கச் சொன்னார். புவாட் நானாவைக் கயிறு வாங்கச் சொன்னார். என்னிடம் வந்து நின்று, "தம்பி, நீ..." என்றார். பிறகு, "நீ வலைய மடிச்சு வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வரவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் இதை எழுதிக்கொள்ள வேண்டும். முயற்சி செய்யாமல் இருக்கவில்லை. சரிவில் உட்கார்ந்து, "நான் வரல சேர்" என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே நன்றாகத்தான் வந்தது. அவர் வீட்டு வாசலுக்குப் போனதும், "சாமான் கட்ட ஆள் வேணுங்களா சேர்?" என்று வந்தது. என் காலை நானே முறித்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். ஆனால் கால் முறிந்த ஆளைத் தூக்கி லொறியில் வைப்பது இன்னும் சுலபம். ஒளிந்தால் என்ன நடக்கும் என்று புவாட் நானா ஏற்கனவே காட்டிவிட்டார். அதுவும் எனக்காகக் கதவைத் தட்ட வீட்டில் ஆளில்லை. சேர் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்த வாரம் அவர் என் லயத்து அறைக்கு இரண்டு தடவை வந்தார். தேநீர் குடித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணும் கட்டலியா தம்பி?"

"கட்டிர்றேங்க சேர்."

"அவசரமில்ல. அவசரமே இல்ல."

பெரிய மனிதர் ஒருவர் அவசரமில்லை என்று இரண்டு முறை சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். அன்றே பாதிச் சாமானைக் கட்டினேன். இரண்டாம் தடவை வந்தபோது கட்டிய மூட்டைகளைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. மீதியும் கட்டவில்லையே என்று நினைக்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். "தம்பி" என்றார். "சொல்லுங்க சேர்" என்றேன். "ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் மழ ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அவர் போன பிறகு நிதானமாக யோசித்தேன். அவரிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேச என்னால் முடியாது. அவர் லொறியில் ஏறினால் நானும் ஏற வேண்டும். எனவே அவர் லொறியில் ஏறக் கூடாது. இதில் தவறு எங்கே இருக்கிறது என்று இப்போதும் தேடிப் பார்க்கிறேன்.

சேரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தோட்டத்தைவிட்டுக் கிளம்பினாலும் அதற்கு முந்தின நாள் மாலை கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பியில் ஒருமுறை தொங்குவார். கனத்த உடம்புதான். ஆனாலும் ஸ்டூலில் ஏறி, எம்பிப் பிடித்து, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடிவிட்டு இறங்குவார். பையன்கள் கைதட்டுவார்கள். மைதானத்திடம் சொல்லிக்கொண்டு போவதாம்.

எங்கள் கம்பம் தோட்டத்துப் பட்டறையில் அடித்தது. முழுக்க இரும்பு. மைதானத்தில் திருவிழாவும் நடப்பதால் நட்டு வைக்க முடியாது. தூக்கி வைத்து, தூக்கி எடுக்க வேண்டும். பின்கால்கள் குட்டை. அவற்றின்மேல் மண்மூட்டை இருந்தால்தான் கம்பம் நிற்கும். அன்றும் தினேஷும் பையன்களும் கம்பத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஏற்கனவே மூட்டைகளை அவிழ்த்து, மண்ணைச் சரிவில் கொட்டியிருந்தேன். மழையில் அந்தப் பக்கம் மண் அரித்துப்போயிருந்தது. எப்படியும் கொட்ட வேண்டிய மண்தான்.

சேர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஸ்டூலில் ஏறும் முன் என்னைப் பார்த்தார்.

"தம்பி, எல்லாம் சரிதானே?"

வழக்கமாகக் கேட்பதுதான். வழக்கமாகச் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "சரிங்க சேர்."

புவாட் நானா கீழே நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். "பாத்து சேர். ஓப்பநாயக்கக்காரங்க முழுசாத்தான் கேட்டாங்க." பையன்கள் சிரித்தார்கள். சேர் எம்பிப் பிடித்தார். முன்னே ஒரு ஆட்டம் ஆடினார். அவர் கடைசியாகச் சொன்னது, "ஏன்டா, கம்பி எறங்குதா, இல்ல நான் வளந்துட்டேனா?" என்பது. யாரும் பதில் சொல்வதற்குள் கம்பம் அவர்மேல் சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தேவை இருக்கவில்லை.

சேருக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இல்லாததால் எங்கள் மயானத்திலேயே புதைத்தார்கள். ஷாமிளாவுக்கு இரண்டு இடம் தள்ளி. ஒரே இடத்தில் நிலையாக இருப்பது அவருக்கும் நல்லதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. வலையை மடித்து ஸ்டோரில் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் தினேஷைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன். என்னுடைய சாமான் மூட்டைகளைக்கூட அவிழ்த்துவிட்டேன்.

இன்று காலை இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வர ஆட்டோவைக் கூப்பிட்டேன். நான் ஏறியதும் தினேஷும் புவாட் நானாவும் பையோடு வந்து ஏறிக்கொண்டார்கள். இப்போது வெளியே பெஞ்சில் இருப்பது அவர்கள்தான். சேருக்குப் பிறகு, படித்தவன் என்ற முறையில், பொறுப்பு எனக்கு. எங்கே போகிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை. வழக்கம் அப்படி. புவாட் நானா மட்டும், "அங்க மைதானம் இருக்கா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

பாதி வழியில் தினேஷ் அழத் தொடங்கினான்.

"அண்ணே, ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. லொறியில மூணு குடும்பத்துக்குத்தான் எடம் கேட்டாரு சேர். அவரு, நானு, புவாட் நானா. ஜனகன் இங்கயே இருக்கட்டும், அவன் பொஞ்சாதி இங்கதானே இருக்குன்னாரு. பெரிய தொரைகிட்ட பேசி, ஒங்களையே கோச்சாப் போடச் சொல்லியிருந்தாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தாண்ணே ஒங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தாரு. நீங்க பாட்டுக்குச் சாமானக் கட்டிட்டு இருந்தீங்களாம். இவ்வளவு ஆசையா வாறவன்கிட்ட வராதன்னு எப்புடிச் சொல்றதுன்னு என்கிட்ட பொலம்புனாரு. பையன்களுக்கு அந்தப் பக்கமாப் பந்தடிக்கச் சொல்லிக் குடுத்ததும் அவருதாண்ணே."

ஆட்டோ ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறிவிட்டது. இங்கே வந்து இதையெல்லாம் சொல்லும்போதும் நிதானமாகத்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். மண்மூட்டைகளை அவிழ்த்தது நான். அவர் தொங்குவார் என்று தெரிந்தே அவிழ்த்தேன். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

ஆனால் சேர்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏழு வருடம் கூடவே இருந்தவன் நான். வீடுவரை வந்து, தேநீர் குடித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். மனதில் இருப்பதை வாய்திறந்து சொல்ல ஒரு மனிதனுக்கு அப்படி என்ன கஷ்டம்?